காரம் பத்துமா என்று கேட்டவர்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரில் விடியற்காலை லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ரொட்டித் தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, கோவில்பதாகை டீக்கடைக் கண்ணையன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவர் கடையில் பாய்லர் கொதிக்க வேண்டும். முதல் ஷிப்டு ஆட்கள் டீக்குக் கை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையைப் போட்டுவிட்டு அவர் இவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறார் என்றதுமே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"நம்ம ரொட்டிக்காரு பூட்டாரு அண்ணாத்தே," என்றார். "ஆஸ்பத்திரிலருந்து ஊட்டுக்கு இட்டாந்துட்டாங்களாம். ஆவடில கீற அவரு மச்சான் வந்து சொன்னாரு. எனக்கு அப்பால கை ஓடல."

எங்கள் பக்கத்தில் ரொட்டி விற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ரொட்டிக்காரர் என்று பொதுவாகச் சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். பாரிவாக்கம் ஏகாம்பரம் அவர்கள். எங்கள் பேக்கரியில் என்னோடு சேர்ந்து லைன் போனவர். கடை கடையாகச் சைக்கிளில் சென்று சரக்குப் போடுவதைத்தான் நாங்கள் லைன் போவது என்போம். இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சை வைத்தே பிழைத்தவனுக்கு வரக்கூடாத கதி அது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அவரை முதலில் பார்த்தேன். பேக்கரியில் மைதா மூட்டை இறக்க வந்தவர். பரம்பரையாக வயல் கூலிக்குப் போன குடும்பம். ஒரு நாள் முதலாளி முன்னால் போய் நின்று, "மூட்டை நான் தூக்குறேன், ரொட்டி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியல மொதலாளி. ஒரு தபா லைன் போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்றாராம். போனவர் போனவர்தான். மூட்டைப் பக்கம் திரும்பவே இல்லை.

அவரைப் பணிவானவர் என்று எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சலவைச் சட்டை இல்லாமல் லைன் போகமாட்டார். பாரிவாக்கத்துச் சேற்றில் செருப்பில்லாமல் நடந்து வந்து, ரோட்டுக்கு வந்ததும் பையிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொள்வார். தன் சைக்கிளை யாருக்கும் இரவல் தரமாட்டார், எனக்கும்கூட. நாங்கள் இருவரும் ஒரே வயது. நான் அதற்கு முன் பூந்தமல்லி சந்தையில் பல்பொடி விற்றவன். கூட்டம் கூட்டுவதில் எனக்கு நிகர் நானே என்ற நினைப்பு எனக்கு உண்டு. அவருக்கோ, தனக்கு நிகர் தானே என்ற நினைப்பு. ஆகவே நாங்கள் சீக்கிரமே சிநேகிதர்கள் ஆகிவிட்டோம்.

அவர் லைன் போகும் அழகைச் சொல்ல வேண்டும். காலையில் எந்தக் கடையிலும் போணி ஆவதற்கு முன் அவர் உள்ளே நுழையமாட்டார். முதல் வியாபாரம் நடப்பதற்குள் சரக்குக்காரன் வந்து நின்றால் கடைக்காரருக்கு அன்றைய நாளே கசந்துவிடும். நாங்கள் எல்லோரும் அது தெரிந்தும் அவசரத்தில் நுழைந்துவிடுவோம். அவர் எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்திக் காத்திருப்பார். யாராவது ஒரு சோப்போ தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ரோட்டைத் தாண்டுவார். கடைக்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசமாட்டார். விற்காமல் நின்ற பழைய ரொட்டியை, கடைக்காரர் முகம் சுளிக்கும் முன்பே தானே எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொள்வார். ஒரு கடையில் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகமாக இருக்கும்.

ஒரு நாள் திருமுல்லைவாயல் பக்கம் ஒரு கடைக்காரர் அவரைக் கண்டபடி பேசித் துரத்திவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டே, "அவன் ரொட்டிய வாணாம்னான் மச்சான். என்னிய வாணாம்னு சொல்லலியே," என்றார். மறுநாள் அதே கடைக்கு அதே சிரிப்போடு போனார். அந்தக் கடைக்காரர் அவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்படி இருக்கையில்தான் எங்களுக்குச் சோதனை வந்தது. முதலாளி பெரிய அடுப்பு ஒன்று கட்டியிருந்தார். பட்டணத்து ஓட்டல்களை நம்பிக் கட்டியது. அடுப்புச் சூடு ஏறுவதற்குள் ஓட்டல்கள் எல்லாம் புதிதாக வந்த மிஷின் ரொட்டிக்குப் போய்விட்டன. மீதி இருந்தது ஆஸ்பத்திரி வாசல் கடைகளும் மருந்துக் கடைகளும், ஒன்றிரண்டு ரொட்டி மட்டும் வாங்கும் மளிகைக் கடைகளும்தான். முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "பொங்கலுக்குள்ள நம்ம லைன்லயே சரக்கு ஓடணும். இல்லேன்னா பெரிய அடுப்ப அணைச்சிடுவேன்," என்றார். அடுப்பை அணைத்தால் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அந்தப் பாதிப் பேரும் ஏகாம்பரம் சொல்லிப் பாரிவாக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள். திரும்பிப் போனால் அவர்களுக்கு வயல் கூலிதான், அதுவும் கிடைத்தால். அன்று ஏகாம்பரம் சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று புரியாது. அன்று எங்கள் பக்கத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு. வீட்டில் ஒருவர் படுத்தால் ரொட்டியும் பாலும், எழுந்துவிட்டால் சோறு. நல்லா இருக்கிறவர் கையில் ரொட்டியைப் பார்த்தால் வழியில் போகிறவர்கூட நின்று, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார். நான் விடாமல் பேசினேன். உடம்புக்கு நல்லது, லேசாக ஜீரணமாகும், டாக்டர்களே சொல்கிறார்கள் என்று கடை கடையாக முழங்கினேன். கடைக்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். "வாஸ்தவம்தான். யாருக்காவது ஒடம்புக்கு வந்தா சொல்லி அனுப்புறேன்," என்றார்கள்.

ஒரு நாள் விற்காத ரொட்டி ஒன்றை ஏகாம்பரம் வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் அவர் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். பாரிவாக்கம் ஏரிக்கரையில் ரொட்டியும் கையுமாக அவர் நடந்து போனதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் பெரியம்மா முறையில் ஒருத்தி சாத்துக்குடியோடு வந்துவிட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி திருநீறோடு வந்தாள். அவர் மனைவி குப்பம்மாள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். ரொட்டி அவருக்குத்தான் என்று முடிவு கட்டி, ஒரு அத்தை வாசலிலேயே அழ ஆரம்பித்திருக்கிறாள். குப்பம்மாளுக்கு வந்ததே கோபம். "நல்லா கீற ஊட்டுக்குள்ள இத்த இன்னாத்துக்கு எடுத்தாந்த? எட்த்துகினு வெளிய போ," என்று புருஷனையும் ரொட்டியையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டாராம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"மச்சான், ஒருத்தராவது ரொட்டி கெட்டதுன்னு சொன்னாங்களா? எல்லாரும் நல்லதுன்னுதான் சொல்றாங்க. நாம சொல்லிச் சொல்லித்தான். ஒடம்புக்கு நல்லது, ஜீரணம் ஆவும்னு நீ கூவுற பாரு, அத்தக் கேக்குறவன் ரொட்டிய நேரா நோயாளி தலமாட்டுல கொண்டுபோய் வெக்கிறான். நாம ரொட்டி விக்கல மச்சான். காய்ச்சல வித்துகினு கீறோம்."

என் தொழிலின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார் மனிதர். சரி, வேறு என்ன சொல்லி விற்பது என்று கேட்டேன். பேக்கரிக்குத் திரும்பியதும் மாவு பிசைகிறவர், அடுப்புக்காரர், லைன் போகிறவர் எல்லோரையும் பார்த்து, "நம்மள்ல நேத்து ரொட்டி துன்னவன் யாரு?" என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே.

அதற்குப் பிறகு அவர் கோவில்பதாகைப் பக்கம் தினமும் போய்க் கண்ணையன் கடையில் உட்கார ஆரம்பித்தார். ஆவடித் தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள் அங்கே நின்று டீ குடிப்பார்கள். வீட்டில் உலை வைப்பதற்கு முன் கிளம்பி வந்தவர்கள். வெறும் டீயோடு உள்ளே போய் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள். கண்ணையன் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "என் கடைல ரொட்டி தொங்கினா ஆஸ்பத்திரி வாசல்னு நெனச்சிக்குவான். எனக்கு ராசி இல்ல, வாணாம்." ஏகாம்பரம் அதற்குமேல் வாதாடவில்லை. டீ குடிப்பார், ஆட்கள் பேசுவதைக் கேட்பார், போய்விடுவார். கடைசியில் கண்ணையனுக்கே தாங்கவில்லை.

"இன்னா ரொட்டிக்காரே, டெய்லி வந்து குந்துற. ரொட்டியப் பத்தி வாயே தொறக்கமாட்டேன்ற?"

"நீதான் வாணாம்னுட்டியே. உன் டீ சோக்கா கீது, அத்தொட்டு வர்றேன்," என்றார் ஏகாம்பரம். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் கண்ணையா, காய்ச்சக்காரனுக்கு யாராவது மொளகா குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, பத்தியத்துக்கு ஆவாதே."

"அப்போ ரொட்டிமேல மொளகாயப் போட்டா?"

கண்ணையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் அங்கே இல்லை. ஆனால் இந்த இடத்தை இருவரும் எனக்குத் தனித்தனியாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் என்னையும் வரச் சொன்னார். போனேன். தோசைக்கல்லில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கிக்கொண்டிருந்தன. நெடி ரோடு வரை வந்து இருமவைத்தது. ரொட்டியைத் துண்டு போட்டு அதில் புரட்டித் தட்டில் வைத்திருந்தார்கள். இந்தச் சேதி அதற்குள் எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டிருந்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற ரொட்டிக்கு மிளகாய் போட்டால் மருந்துக் கடைகளும் கையை விட்டுப் போய்விடும், அப்படிப் போனால் முதலில் வெளியே போவது ஏகாம்பரம்தான் என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். பொங்கல் நெருங்கிவிட்டது. அன்று அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

ஷிப்டு ஆட்கள் வந்தார்கள். தட்டைப் பார்த்தார்கள். வார்ப்படப் பிரிவில் வேலை செய்யும் முனுசாமி என்று ஒருவர், ஆள் ஆஜானுபாகு, அவர்தான் முதலில் கேட்டார்: "இன்னாபா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானாக இருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் ஆரம்பித்திருப்பேன். வாயைத் திறக்கவும் போனேன். ஏகாம்பரம் என் காலை மிதித்தார், பாலிஷ் போட்ட ஷூவால். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு முனுசாமியிடம் போனார்.

"அண்ணாத்தே, ஒரு ஒத்தாசை. இதுல காரம் பத்துமான்னு ஒரு வாய் துன்னு பாத்துச் சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல."

வாங்கு என்று சொல்லியிருந்தால் முனுசாமி திரும்பிப் போயிருப்பார். சாப்பிடு என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பார். யோசனை அல்லவா கேட்கிறார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். கடையே அவர் வாயைப் பார்த்தது.

"பத்தல," என்றார்.

"பத்தலியா? கண்ணையா, இன்னும் கொஞ்சம் மொளகா கிள்ளிப் போடு."

"அவனுக்கு நாக்கு செத்துப்பூட்ச்சி," என்றார் பக்கத்திலிருந்தவர். "குடு, நான் பாக்குறேன்." அவரும் சாப்பிட்டார். சரியாக இருக்கிறது என்றார். மூன்றாவது ஆள் உப்புத்தான் குறைச்சல் என்றார். அவரை நாலு பேர் மறுத்தார்கள். மறுப்பதற்காக அவர்களும் சாப்பிட வேண்டியிருந்தது. கண்ணில் தண்ணீரும் மூக்கில் தண்ணீருமாக ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். ஏகாம்பரம் எல்லோரும் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி கல்லில் புரட்டிக் கொடுக்கச் சொன்னார். ஆலைச் சங்கு ஊதியபோது தட்டு காலியாகக் கிடந்தது. அவ்வளவு நேரமும் ரொட்டி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பேச்சு என்றால் வாயால் செய்வது என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிகாலையில் முனுசாமி கடைக்குள் நுழையும்போதே, "நேத்து போட்டியே, அது கீதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு மிளகாய் தின்கிறவனுக்கு என்ன நோய் இருக்க முடியும்?

போகிக்கு முந்தின நாள் முதலாளியே வந்தார். ஏகாம்பரத்தை வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்தார் என்பது என் ஊகம். கடைக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏகாம்பரம் ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து அவரிடம் நீட்டினார்.

முதலாளி பின்வாங்கினார். "எனக்கா? எனக்கு ஒடம்பு நல்லாத்தானேப்பா இருக்கு," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. அத்தனை வருஷம் பேக்கரி நடத்தியவர். முகம் சிவந்துவிட்டது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் ரொம்ப மரியாதையாக, "காரம் பத்துமா மொதலாளி?" என்று கேட்டார்.

பெரிய அடுப்பு அணையவில்லை. பாரிவாக்கத்து ஆட்கள் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. கோவில்பதாகையில் தொடங்கியது அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கடைகளுக்கும், பிறகு பூந்தமல்லி ரோடு நெடுகவும் பரவியது. லைன் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு வந்தது. வேலை கேட்டு வருகிறவர்களிடம் அவர் படிப்பைக் கேட்டதில்லை. ஒரு துண்டு ரொட்டி கொடுப்பார். ருசித்துச் சாப்பிட்டால் மறுநாள் வரச் சொல்வார். நன்றாகப் பேசுகிறான் என்று நான் சிபாரிசு செய்த ஒருவரை, "பேசிகினேதான் கீறான், துன்னவே இல்லியே," என்று அனுப்பிவிட்டார். என்னைக் குத்திக்காட்டுகிறாரோ என்று எனக்கு இரண்டு நாள் வருத்தம்.

போன மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டு முற்றிவிட்டது. சேதி தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசல் கடையில் கை தானாக நீண்டது. ஒரு ரொட்டி, கொஞ்சம் சாத்துக்குடி. கட்டிலருகே போய் நின்ற பிறகுதான் என் கையில் இருப்பது என்ன என்று பார்த்தேன். அவரும் பார்த்தார். மஞ்சள் பூத்த கண்கள் சிரித்தன.

"நீயுமா மச்சான்?"

ரொட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அவர் மெல்லச் சொன்னார்: "அழாத. இத்த எடுத்துகினு போய் நல்லா கீற ஒருத்தனுக்குக் குடு. அங்க கண்ணையன் கடைக்கு லோடு போச்சா?" போயிற்று என்றேன். காரம், எண்ணெய் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அந்த ரொட்டியை நான் பஸ்ஸுக்கு நிற்கையில் தனியாகத் தின்று தீர்த்தேன். விக்கி விக்கித்தான் இறங்கியது.

கண்ணையனும் நானும் பாரிவாக்கத்துக்குப் போனபோது ஊரே அங்கே இருந்தது. அம்பத்தூரிலிருந்து, ஆவடியிலிருந்து, ஷிப்டு முடிந்த கையோடு எண்ணெய்க்கறைச் சட்டையோடு வந்தவர்கள். முனுசாமி ஒரு மூலையில் தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் ஏதாவது கொண்டுவர வேண்டும். கண்ணையன் கோவில்பதாகைக்குப் போய்க் கடையைத் திறந்து, கல்லை ஏற்றி, தட்டு தட்டாகப் புரட்டி மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஒரு காலத்தில் ஒரே ஒரு ரொட்டியைப் பார்த்துச் சாத்துக்குடியோடு ஓடிவந்த அதே உறவுக்காரர்கள், இன்று அதே வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். யாருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது: இவர்கள் எல்லோர் மனதையும் அவர் மாற்றிவிட்டிருக்கிறார், மாறியது அவர்களுக்கே தெரியாமல்.

குப்பம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. கண்ணையன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய்க் குந்தினார். சாப்பிடச் சொல்லவில்லை.

"யக்கா, அவசரத்துல போட்டேன். காரம் பத்துமான்னு நீதான் சொல்லணும்."

அவர் நிமிர்ந்து கண்ணையனைப் பார்த்தார். அந்தக் கேள்வி யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? கை நீட்டி வாங்கினார். ஒரு வாய் மென்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"பத்தல," என்றார். "அவரு இருந்தா இன்னொரு மொளகா போடச் சொல்லியிருப்பாரு."

சொல்லிவிட்டு, கையிலிருந்ததை முழுவதும் சாப்பிட்டார்.

ஏகாம்பரம் அவர்களே, நாளைக்கும் விடியும். கோவில்பதாகையில் கல் காயும். போணி ஆகும் வரை எதிர்ச்சாரியில் காத்திருந்து, பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், உங்கள் லைனில் நான் சரக்குப் போடுகிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.